காட்டன் என்ற ஒரு சொல் போதாது: கோடைக்குத் துணி எடுக்கும் முறை

சில வருடங்களுக்கு முன், சித்திரை மாதக் கல்யாணம் ஒன்றுக்காகச் சட்டைத் துணி எடுத்தேன். "சுத்தமான காட்டன் சார், கசங்கவே கசங்காது" என்றார் கடைக்காரர். முகூர்த்தம் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்தபோது அக்குள் ஈரம் விலா வரை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் கொடுத்த மிச்சத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். அது உருகி, கறுப்பு மணியாகச் சுருண்டது. கலப்பு நூல்.

அன்று முதல் கடைக்காரரின் சொல்லைவிட என் கையையே நம்புகிறேன். கோடைத் துணியின் குணத்தை இழை, நூலின் நம்பர், நெசவு, எடை ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. "காட்டன்" என்ற சொல் இவற்றில் முதலாவதை மட்டுமே சொல்கிறது. மற்ற மூன்றையும் நாமே பார்த்து வாங்கப் பழகிவிட்டால், கத்திரி வெயிலிலும் மாலை வரை பார்க்கும்படியான உடையில் இருக்கலாம்.

1. உங்கள் ஊர் வெயிலை முதலில் பாருங்கள்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அதனால் வியர்வை எளிதில் காயாது. அங்கே காற்று நுழைந்து வெளியேறும் இடைவெளி உள்ள துணி வேண்டும். மேற்பரப்பு சற்றே சொரசொரப்பாக, உடம்போடு படியாமல் நிற்பது நல்லது.

வேலூர், கரூர், திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் வெயில் வறண்டது. வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். தோலைச் சுடும் வெயில்தான் அங்கே பிரச்சினை. ஆகவே மெல்லிய, ஆனால் நெருக்கமாக நெய்த துணியில் தளர்வான முழுக்கைச் சட்டை அரைக்கையைவிடச் சுகமாக இருக்கும்.

உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவருக்கு முதுகிலும் மடியிலும் மடிப்பு விழும். நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு அந்தக் கவலை குறைவு. அவருக்கு வியர்வையை உறிஞ்சுவதே முக்கியம்.

2. இழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

*பருத்தி:* சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நனைந்தால் இதன் வலிமை கூடும் என்பதால் அடிக்கடி துவைக்கலாம். கசங்குவது இதன் இயல்பு. வியர்வை ஈரம் பட்டதும் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது மடிந்த நிலையிலேயே மறுபடி இறுகிவிடுகின்றன. தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மடிப்பு போவதற்கும் இதுவே காரணம்.

*லினன்:* ஆளிச் செடியின் தண்டிலிருந்து வருவது. பருத்தியைவிட வேகமாக ஈரத்தை வாங்கி வேகமாகக் காயும். விறைப்பாக நிற்பதால் உடம்பில் ஒட்டாது. ஆனால் வளைந்து கொடுக்காத இழை என்பதால் உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பு விழும். அந்த மடிப்பு உங்களுக்குச் சம்மதம் என்றால் எடுங்கள். சம்மதமில்லை என்றால் பருத்தியும் லினனும் கலந்த துணியைக் கேளுங்கள்.

*ரேயான் அல்லது விஸ்கோஸ்:* மரக்கூழிலிருந்து செய்வது. தொட்டால் குளுமை, நன்றாக வழிந்து விழும். நனைந்தால் வலிமை பெருமளவு குறைந்துவிடும்; முறுக்கிப் பிழிந்தால் உருக்குலையும். குர்தி, நைட்டி, வீட்டு உடைகளுக்குச் சரி. வியர்த்தால் படிந்துவிடும் என்பதால் கடலோர ஊரில் நாள் முழுக்க வெளியே இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

*பாலியஸ்டர்:* காற்றிலிருந்து வாங்கும் ஈரம் அரை சதவீதத்துக்கும் குறைவு. கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நாற்றமும் சீக்கிரம் ஏறும். நாம் டெரிகாட்டன் என்று சொல்வதில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர்தான். இஸ்திரி போட நேரமே இல்லை, கலப்புத்தான் வேண்டும் என்றால் பருத்தி 60 சதவீதத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

3. நம்பர், நெசவு, எடை

நூலின் மென்மையை நம்பரால், அதாவது கவுண்டால் சொல்வார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை கிடைக்கிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். எண் கூடக் கூட நூல் மெலியும். 40-ம் நம்பர் உறுதியான, சற்றே தடித்த துணி தரும். 60, 80 நம்பர்கள் கோடைச் சட்டைக்கும் சேலைக்கும் ஏற்றவை. 100-க்கு மேல் போனால் வழவழப்பு கூடும், விலையும் கூடும். ஒற்றை நூலைவிட இரண்டு நூலை முறுக்கிச் சேர்த்த இரட்டை நூலில் நெய்தது குறைவாகக் கசங்கும், நீண்ட நாள் உழைக்கும்.

நெசவில் கோடைக்கு ஏற்றவை இவை:

- மல்மல், வாயில்: இடைவெளி விட்டு நெய்த மிக மெல்லிய துணிகள். குழந்தைச் சட்டை, துப்பட்டா, சேலைக்கு அருமை. அலுவலகச் சட்டைக்கு ஒளி ஊடுருவும்.
- கேம்பிரிக், பாப்ளின்: நெருக்கமான சாதா நெசவு. மெல்லிய நூலில் எடுத்தால் தினசரிச் சட்டைக்குப் பொருத்தம். இஸ்திரி நன்றாக நிற்கும்.
- சீர்சக்கர்: பாவு நூல்களில் ஒரு பட்டையை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால் துணியிலேயே சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கம் துணியைத் தோலிலிருந்து தள்ளி நிறுத்தும். இஸ்திரியே வேண்டாம். கடலோர ஊர்க்காரர்களும் அடிக்கடி பயணம் போகிறவர்களும் முதலில் தேட வேண்டிய துணி இது.
- கதர்: கையால் நூற்ற நூலின் ஏற்றத்தாழ்வே காற்றுக்கு வழி விடும். தடிமனில் பல வகை உண்டு. கோடைக்கு மெல்லியது என்று கேட்டு வாங்குங்கள்.

எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். சட்டைக்கு 100 முதல் 120 கிராம் போதும். பேன்ட்டுக்கு 200 கிராம் அளவில் எடுங்கள். அதற்கும் குறைந்தால் முழங்கால் தொய்ந்துவிடும். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் 400 கிராமைத் தாண்டும். மே மாதத்தில் அதை அலமாரியிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

4. கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. *கரையைப் படியுங்கள்.* தானை விரித்துத் துணியின் ஓரத்தைப் பாருங்கள். எத்தனை சதவீதம் எந்த இழை என்று பல ஆலைகள் அங்கே அச்சிட்டிருக்கும். தைத்த உடையானால் உள்தையலில் இருக்கும் சீட்டைப் பாருங்கள்.
2. *கசக்குங்கள்.* ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து எண்ணி விடுங்கள். துளிக்கூட மடிப்பு இல்லையென்றால் பாலியஸ்டர் அதிகம், இல்லையென்றால் ரசாயனப் பூச்சு. கத்தி மாதிரி கோடு விழுந்தால் மதியத்துக்குள் உடை வாடிவிடும். மழுங்கலான மடிப்பு விழுந்து, உதறியதும் பாதி போய்விட்டால் எடுத்துக்கொள்ளலாம்.
3. *விளக்குக்கு நேராகப் பிடியுங்கள்.* நெசவின் கண்கள் சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அடர்த்தியாகவும் ஒரு பக்கம் விலகியும் இருந்தால் தையல் விடும்.
4. *வாயருகே வைத்து ஊதுங்கள்.* மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சு தெரிந்தால் காற்றும் போகும்.
5. *ஈரக் கைக்குட்டையால் தேயுங்கள்.* வெள்ளைக் கைக்குட்டையில் சாயம் ஏறினால், வியர்வையிலும் சாயம் இறங்கும்.

நூலை எரித்துப் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி காகிதம் போல மணத்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

"ரிங்கிள் ஃப்ரீ" என்று எழுதிய பருத்திச் சட்டைகளில் பெரும்பாலும் பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். கசங்கல் குறையும், கூடவே உறிஞ்சும் தன்மையும் உறுதியும் கொஞ்சம் குறையும். வாங்கினால் ஒரு முறை துவைத்த பிறகே போடுங்கள்.

5. சேலையும் வேட்டியும்

சுங்குடிச் சேலை மதுரை வெயிலுக்கென்றே பிறந்தது போல இருக்கும். லேசானது, புள்ளி வேலைப்பாடு சிறு கசங்கலை மறைத்துவிடும். காரைக்குடிக் கண்டாங்கி சற்றே கனம். ஆனால் கொசுவம் கலையாமல் நிற்கும், கட்டங்களில் அழுக்கும் மடிப்பும் தெரியாது. கோவை கோரா பட்டும் பருத்தியும் கலந்தது. கோடைக் கல்யாணங்களுக்குக் கனத்த பட்டுக்குப் பதில் கட்டலாம். இந்த மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையங்களில் கைத்தறி முத்திரை பார்த்து வாங்கினால், நெய்தவர் கைக்கும் அந்தப் பணம் போய்ச் சேரும்.

சேலைக்கு இத்தனை பார்த்துவிட்டு ரவிக்கையில் கோட்டை விடாதீர்கள். வியர்வை முதலில் சேர்வது அங்கேதான். "டூ பை டூ" துணி என்றால் பருத்தியா கலப்பா என்று கேட்டு எடுங்கள். லைனிங்கும் பருத்தியாகவே இருக்கட்டும்.

வேட்டியில், 4 முழம் ஒற்றை வேட்டி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சுகம். வெளியிடத்துக்கு 8 முழம் இரட்டை வேட்டி கட்டுகிறவர்கள் மெல்லிய நம்பர் நூலில் எடுத்தால் இரண்டு மடிப்பும் பாரமாகத் தோன்றாது.

6. நிறமும் தையலும்

வெளிர் நிறம் வெயிலை அதிகம் வாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வியர்வைக் கறை எதில் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நிறமான சாம்பலிலும் வானநீலத்திலும் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் சிறு கட்டம், மெல்லிய கோடு, சின்னப் பூப்போட்ட துணிகளிலும் தெரியாது. மேடையேறுகிறவர்களும் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். தையல்காரரிடம் அக்குளிலும் மார்பிலும் ஒரு விரல் கூடுதலாக விடச் சொல்லுங்கள். இறுக்கமான சட்டைக்குள் காற்று ஓடாது. எந்த நல்ல துணியும் அங்கே தோற்றுப்போகும். காலர் கேன்வாஸ் மெல்லியதாக இருக்கட்டும்.

7. துவைப்பு, கஞ்சி, இஸ்திரி

வியர்த்த சட்டையைக் கூடையில் போட்டு வைக்காதீர்கள். அன்றிரவே வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். கொடியில் போடும் முன் மூன்று முறை பலமாக உதறினால் பாதி மடிப்பு அப்போதே போய்விடும். உள்புறம் வெளியே வரும்படி நிழலில் காயவையுங்கள். சாயத் துணியை முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாக அலசுங்கள். அக்குள் மஞ்சள் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும்.

கஞ்சி நம் வீட்டுப் பழைய உபாயம், நல்ல உபாயம். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியால் வடிகட்டி, அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வீதம் கலந்தால் போதும். கெட்டியாகப் போட்டால் நெசவின் கண்கள் அடைபட்டுக் காற்று போகாது. கோடை முடிந்து எடுத்து வைக்கும்போது கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். கஞ்சித் துணியை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும்.

பருத்தியையும் லினனையும் லேசான ஈரம் இருக்கும்போதே தேயுங்கள். முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, பத்து நிமிடம் வைத்துத் தேயுங்கள். தேய்த்த சூட்டோடு உடுத்தினால் உடனே கசங்கும். ஐந்து நிமிடம் ஹேங்கரில் ஆறவிட்டு உடுத்துங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நம் உடையை நாமே தேர்ந்தெடுக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதற்குமான உடையைப் பல இடங்களில் பள்ளிதான் தேர்ந்தெடுக்கிறது. ஓடி விளையாடி வியர்க்கும் வயதில், வியர்வையை உறிஞ்சாத துணியை அவர்கள் நாள் முழுக்க உடுத்தியிருக்கிறார்கள். வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு வீடு திரும்பும் குழந்தைக்குப் பவுடர் போட்டுவிடுவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. இந்த வருடச் சீருடைத் துணியின் கரையைப் படித்துப் பாருங்கள். பாலியஸ்டர் அதிகம் இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பருத்தி கூடுதலாக உள்ள துணி வேண்டும் என்று கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் எந்தப் பள்ளியும் காதுகொடுத்துத்தான் ஆக வேண்டும்.