கட்டணமில்லாப் பள்ளியின் கதவு

கிராமத்து அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. பின் ஏன் சில பிள்ளைகள் சேர்வதில்லை? வறுமை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோம். வேதியியல் மாணவனாகிய நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நம் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயிற்றுவித்த பேராசிரியை சாந்தா சின்ஹா அவ்விடையை ஏற்கவில்லை.

அவர்தம் எம்.வி. அறக்கட்டளை, 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டச் சிற்றூர்களில், வேலைக்குச் சென்ற சிறுவர்களைப் பள்ளிக்கு அழைத்தது. ஏழைப் பெற்றோர் பலரும் இசைந்தனர். இடர் பள்ளியினுள் இருந்தது. பத்து வயதுவரை மாடு மேய்த்தவனை எங்கே அமர்த்துவது? முதல் வகுப்பில் சிறு குழந்தைகளோடு அமர நாணுவான். ஐந்தாம் வகுப்பிலோ எழுத்தே விளங்காது. ஆகவே முதலில் முகாம்களில் தங்கவைத்துக் கற்பித்தனர். பின்னரே வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தனர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், 6 முதல் 14 வயதுவரை உள்ளோர்க்கு, வயதுக்கேற்ற வகுப்பையும் தனிப்பயிற்சியையும் விதித்துள்ளது. பயிற்சி தர ஆசிரியர் வேண்டுமே என்பது வேறு கவலை.

பிழைப்புக்காக இந்நகர் வந்த என் அன்னை, ஊரில் ஒன்பது வயதில் முதல் வகுப்பில் சேர்ந்தவர். சிறு பிள்ளைகள் சிரித்தார்களாம். மூன்றாம் நாளே நின்றுவிட்டார். இக்கட்டுரையை இன்றிரவு அவருக்கு நான்தான் படித்துக் காட்டவேண்டும்.