வாசலுக்கு எத்தனை விளக்கு? எக்செல்லில் ஒரு வீட்டுக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்செல்லை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, 'இது ஆபீஸ்காரர்கள் சமாசாரம்' என்று மூடிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்ப்ரெட்ஷீட் என்ற வகை புரோகிராமைச் சொந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது 1979-ல் வெளியான விசிகால்க். அன்று அது பெயர் வாங்கியதற்கு ஒரே காரணம்தான். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற எண்கள் தாமாக மாறின. 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பார்க்க முடிந்தது. வீட்டில் நாம் எடுக்கும் பல முடிவுகளுக்கு இந்தக் கேள்விதான் தேவை.

இந்த மாதப் பாடத்துக்கு வீட்டு வாசலுக்கு விளக்குத் தேர்ந்தெடுப்பதை எடுத்துக்கொள்வோம். பூட்டு, படி, செருப்பு, வருகிறவர் முகம் எல்லாம் தெரிய வேண்டிய இடம் அது. தடுக்கி விழுவதற்கும் அதுவே இடம். ஆனாலும் பெரும்பாலும் கண்ணுக்கு அழகான விளக்கைப் பார்த்து வாங்கி மாட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டு வாங்க அரை மணி நேரம் போதும்.

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் இதே பாடத்தைச் செய்யலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

எங்கள் வீட்டுக்கு எல்.இ.டி. பல்பு வாங்கியபோது அம்மா கேட்டது: "ஏன்டா, பழைய பல்பு 60 வாட். இதுல 9 வாட்னுதானே போட்டிருக்கு, வெளிச்சம் பத்துமா?" நியாயமான கேள்வி. வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு லூமன். குண்டு பல்பு காலத்தில் வாட்டை வைத்தே வெளிச்சத்தை ஊகித்துப் பழகிவிட்டோம். இன்று 9 வாட் எல்.இ.டி. தரும் ஒளி, 60 வாட் குண்டு பல்பின் ஒளிக்குக் குறைந்ததில்லை. எனவே கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் லூமனைத் தேடுங்கள்.

இரண்டாவது சொல் லக்ஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நடைவழி, படிக்கட்டு போன்ற இடங்களுக்கு 100 லக்ஸ் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒர்க்ஷீட் தயாரிப்போம்

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க்ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று நெட்டு வரிசைகள் இருக்கும். மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். பி வரிசையும் 1-ம் எண்ணும் சந்திக்கும் கட்டம்தான் பி1 செல். இந்தப் பாடத்தில் பி1 என்று வரும் இடத்தில் கீபோர்டில் ஆங்கில பி எழுத்தையும் அடுத்து 1 என்ற எண்ணையும் தட்டுங்கள்.

வாசல் பகுதியை டேப் வைத்து அளந்துகொண்டு, கீழ்க்கண்டவற்றை ஏ வரிசையில் பெயராகவும் பி வரிசையில் எண்ணாகவும் டைப் செய்யுங்கள். பெயர்களைத் தமிழில் அடிக்க வராவிட்டால் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளலாம்.

ஏ1: நீளம் (அடி) – பி1: 10
ஏ2: அகலம் (அடி) – பி2: 6
ஏ3: பரப்பு (சதுர மீட்டர்) – பி3: =பி1*பி2*0.0929
ஏ4: வேண்டிய லக்ஸ் – பி4: 100
ஏ5: தரைக்கு வரும் பங்கு – பி5: 0.5
ஏ6: தூசு, தேய்மானம் போக – பி6: 0.8
ஏ7: வேண்டிய லூமன் – பி7: =பி3*பி4/(பி5*பி6)
ஏ8: ஒரு நாளில் எரியும் மணி – பி8: 6
ஏ9: ஒரு யூனிட் விலை (ரூ.) – பி9: 5

சமக்குறியில் தொடங்கும் எதையும் எக்செல் பார்முலா என்று எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு, சாய்ந்த கோடு வகுத்தலுக்கு. ஒரு சதுர அடி என்பது 0.0929 சதுர மீட்டர் என்பதால் பி3-ல் அந்த எண் வருகிறது. எல்லாம் சரியாக அடித்திருந்தால் பி3-ல் 5.574 என்றும், பி7-ல் 1393.5 என்றும் தெரியும். நம் வாசலுக்கு ஏறக்குறைய 1400 லூமன் வேண்டும்.

பி5, பி6 இரண்டும் எதற்கு? விளக்கின் ஒளி முழுவதும் தரைக்கு வருவதில்லை. சுவரும் கூரையும் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் வெளியே போகும். வெளிர் நிறச் சுவர் என்றால் பாதி தரைக்கு வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சுவர் அடர் நிறமாக இருந்தாலோ, மூன்று பக்கமும் திறந்த போர்டிகோவாக இருந்தாலோ 0.35 என்று மாற்றுங்கள். உடனே பி7-ல் தேவை 1991-க்குப் போகும். அதே அளவு வாசல்தான், சுவர் மட்டும்தான் வேறு! பார்த்தபின் மீண்டும் 0.5 ஆக்கிவிடுங்கள். பி6, நாளாக ஆகக் கண்ணாடியில் படியும் தூசுக்கும் விளக்கின் தேய்மானத்துக்கும் விடும் கழிவு.

பி8-ல் மாலை 6 மணியிலிருந்து 11 வரை ஐந்து மணி நேரமும், விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட ஒரு மணி நேரமும் சேர்த்திருக்கிறேன். பி9-ல் 5 ரூபாய் என்பது உதாரணம். உங்கள் மின் கட்டணம் ஸ்லாப் முறையில் இருந்தால், உங்கள் பயன்பாடு எந்த ஸ்லாபில் போய் முடிகிறதோ அதன் விலையைப் போடுங்கள். புதிதாக ஒரு விளக்கு எரியும்போது கூடும் யூனிட்டுகள் அந்த ஸ்லாபில்தான் சேரும்.

விளக்குகளை ஒப்பிடுவோம்

10-ம் வரியில் ஏ முதல் எஃப் வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: விளக்கு, வாட், லூமன், எத்தனை, மாத யூனிட், மாதச் செலவு. அடுத்த மூன்று வரிகளில் ஏ, பி, சி செல்களில்:

11-ம் வரி: குண்டு பல்பு, 60, 700
12-ம் வரி: சி.எஃப்.எல்., 14, 800
13-ம் வரி: எல்.இ.டி., 9, 800

இவை வழக்கமாகக் காணும் அளவுகள். நீங்கள் வாங்கப்போகும் பெட்டியில் இருக்கும் எண்ணையே போடுங்கள். இப்போது பார்முலாக்கள்:

டி11: =ரவுண்டப்($பி$7/சி11,0)
இ11: =பி11*டி11*$பி$8*30/1000
எஃப்11: =இ11*$பி$9

ரவுண்டப் என்பதை ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாக அடியுங்கள். கணக்கில் 1.7 விளக்கு என்று வந்தால் கடையில் 1.7 விளக்கு கிடைக்காதல்லவா? அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கி 2 என்று தருவதுதான் இதன் வேலை. 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் என்பதால் இ11-ல் 1000-ஆல் வகுக்கிறோம். உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருமானால் 30-க்குப் பதில் 60 போட்டுக்கொள்ளுங்கள்.

டி11-ஐ கிளிக் செய்து, மவுஸை அழுத்தியபடியே எஃப்11 வரை இழுத்து மூன்று செல்களையும் தேர்வு செய்யுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரப் புள்ளி தெரியும். அதைப் பிடித்து 13-ம் வரி வரை கீழே இழுத்து விடுங்கள். மற்ற வரிகளுக்கும் பார்முலா தானாக வந்துவிடும். விடைகள் இப்படி இருக்க வேண்டும்:

குண்டு பல்பு: 2 விளக்கு, 21.6 யூனிட், 108 ரூபாய்
சி.எஃப்.எல்.: 2 விளக்கு, 5.04 யூனிட், 25.20 ரூபாய்
எல்.இ.டி.: 2 விளக்கு, 3.24 யூனிட், 16.20 ரூபாய்

டாலர் குறியை விட்டுவிடாதீர்கள்

பாடத்தின் முக்கியமான பகுதி இது. டி11-ல் டாலர் குறி இல்லாமல் பி7 என்று மட்டும் அடித்துக் கீழே இழுத்தால் என்ன ஆகும்? எக்செல் ஒவ்வொரு வரி இறங்கும்போதும் செல் எண்ணையும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். 12-ம் வரியில் அது பி8 ஆகிவிடும். அங்கே இருப்பது லூமன் இல்லை, மணி. 6-ஐ 800-ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுதாக்கி, 1 என்று காட்டும். 13-ம் வரியில் பி9-ல் உள்ள 5 ரூபாயை எடுத்து வகுத்துவிட்டு அங்கேயும் 1 என்று காட்டும்.

கவனித்தீர்களா? எந்தப் பிழைச் செய்தியும் வராது. 'எல்.இ.டி. என்றால் ஒன்று போதும்' என்பது நம்பும்படியாகவே இருக்கும். நம்பி ஒன்றை மாட்டினால் வாசலுக்கு வேண்டியதில் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். சாஃப்ட்வேர் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவது இந்த வகைத் தவறுக்குத்தான். கத்துகிற தவறைப் பிடித்துவிடலாம். சத்தம் போடாத தவறு, சரியான விடை மாதிரியே உட்கார்ந்திருக்கும். எனவே பார்முலாவை இழுத்து முடித்ததும் கடைசி வரியை மட்டும் ஒரு முறை காகிதத்தில் போட்டுச் சரிபாருங்கள். எக்செல்லில் பார்முலா அடிக்கும்போது செல் பெயருக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து எஃப்4 கீயைத் தட்டினால் டாலர் குறிகள் தாமாக விழும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

எங்கள் வாசலில் இரண்டு படிகள் உண்டு. அப்பாவுக்கு 64 வயது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. உள்ளே போகும் ஒளி குறைகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகவும் கூடுதல் நேரம் ஆகிறது. நமக்குப் போதும் என்று படுகிற வெளிச்சம் அவர்களுக்குப் போதாது.

பி4-ல் 100 என்பதை 150 ஆக்கிப் பாருங்கள். தேவை 2090 லூமனாகும், எல்.இ.டி. 3 என்று மாறும். மாதச் செலவு 24.30 ரூபாய். 16.20 ரூபாயைவிட 8 ரூபாய் 10 காசு அதிகம். அப்பாவுக்குப் படியின் விளிம்பு தெரிய மாதம் ஒரு டீக் காசுகூட ஆகவில்லை. 'எதற்கு இத்தனை விளக்கு, கரண்ட் பில் ஏறுமே' என்று தயங்குகிறவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் மூன்று விளக்குதான்.

ஒர்க்ஷீட்டில் வராத விஷயங்கள்

எத்தனை விளக்கு என்பதை எக்செல் சொல்லிவிட்டது. எங்கே, எப்படிப்பட்டது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

1. நிழல்: பூட்டைத் திறக்க நிற்பவருக்கு முதுகுப்பக்கம் மட்டும் விளக்கு இருந்தால் அவர் நிழலே பூட்டின் மேல் விழும். கதவின் இரு பக்கமும் விளக்கு இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது போக்கும். படி இறங்கும் பக்கமும் ஒரு விளக்கு வேண்டும்.

2. உயரம்: தூரம் இரண்டு மடங்கானால் நேராக விழும் வெளிச்சம் கால் பங்காகும். மிக உயரமான போர்டிகோ என்றால் கூரையில் மாட்டுவதைவிடச் சுவரில் 7 அடி உயரத்தில் மாட்டுவது பலன் தரும். பல்பு நேராகக் கண்ணில் படாதபடி பால் நிறக் கண்ணாடி மூடி இருக்கட்டும். கண் கூசினால் படி தெரியாது.

3. நிறம்: பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் இளமஞ்சள் ஒளி. 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி.களின் உள்ளே பொதுவாக நீல எல்.இ.டி.தான் இருக்கிறது. அதன் மேல் பூசிய பொருள் ஒளியை வெள்ளையாக்குகிறது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகவே 2014-ல் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் குறைந்த இளமஞ்சள் விளக்குக்குப் பூச்சிகள் குறைவாக வரும். மழைக்காலத்தில் ஈசல் தொல்லை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

4. மழை: விளக்குக் கூட்டில் ஐ.பி. என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசு போன்றவற்றுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சாரல் மட்டும் படும் இடத்துக்கு ஐ.பி.44 போதும். மழை நேராக அடிக்கும் இடத்துக்கு ஐ.பி.65 வாங்குங்கள். மாட்டும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சி

கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஸ் தட்டி, பைலுக்கு 'வாசல்' என்று பெயர் கொடுத்து சேமித்துவிடுங்கள். பிறகு பி1-ல் 8, பி2-ல் 5, பி4-ல் 100 என்று மாற்றுங்கள். 14-ம் வரியில் எல்.இ.டி., 12, 1100 என்றும், 15-ம் வரியில் எல்.இ.டி., 5, 500 என்றும் சேர்த்து, பார்முலாக்களை அங்கும் இழுத்து விடுங்கள். இந்தச் சின்ன வாசலுக்கு எதை வாங்குவீர்கள்?

விடை: வேண்டியது 929 லூமன். 12 வாட் விளக்கு ஒன்றே போதும், மாதம் 2.16 யூனிட். 5 வாட் விளக்கு இரண்டு வேண்டும், ஆனால் மாதம் 1.8 யூனிட்தான். மின்சாரமும் குறைவு, கதவின் இரு பக்கமும் மாட்டலாம், நிழலும் விழாது. ஒன்று பழுதானால் மற்றது எரியும். நான் வாங்குவதானால் இரண்டு சின்ன விளக்குதான். உங்கள் வாசலை அளந்து, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போகும்போது பி7-ல் உள்ள எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.