துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் போதுமா? ஆச்சே தரும் பாடம்



இரு தரப்புக்குள் சண்டை மூண்டால், "முதலில் சண்டை நிற்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வது நம் வழக்கம். சண்டை நிற்பது அவசியம்தான். ஆனால் அந்தப் 'பிறகு' வராமலே போனால்? இந்த மாதப் பாடத்தில் இதை ஒரு நாட்டின் அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம்.

இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கிறது ஆச்சே. மக்காவின் திண்ணை என்று அந்நாட்டு மக்கள் அதைச் சொல்வார்கள். அங்கே கிடைத்த எரிவாயுவின் வருமானமெல்லாம் தலைநகர் ஜகார்த்தாவுக்கே போகிறது என்ற மனக்குறை மக்களிடம் இருந்தது. 1976இல் ஹசன் டி திரோ சுதந்திர ஆச்சே இயக்கத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் நீடித்த மோதலில் சுமார் 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். இரு பக்கமும் பெரும்பாலும் முஸ்லிம்களே.

2002 டிசம்பரில் போர் நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. ஆயுதங்களை எங்கே வைப்பது, ராணுவம் எங்கே நிற்பது என்றெல்லாம் அதில் பேசினார்கள். ஆனால் ஆச்சே தனிநாடா, இந்தோனேசியாவின் பகுதியா என்ற மூலக் கேள்வி தீரவில்லை. இயக்கம் அதைச் சுதந்திரத்துக்கான படியாகப் பார்த்தது. அரசோ சரணடைவுக்கான படியாகப் பார்த்தது. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 2003 மே மாதம் அரசு ராணுவச் சட்டத்தை அறிவித்தது. படைபலத்தால் இயக்கம் பலவீனமானது. மனக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. ஆச்சேதான் மிக அதிகமாக அழிந்தது. அடுத்த மாதமே பின்லாந்தின் ஹெல்சிங்கியில், அந்நாட்டு முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி முன்னிலையில் இரு தரப்பும் அமர்ந்தன. எல்லாவற்றிலும் உடன்பாடு வரும்வரை எதிலும் உடன்பாடு இல்லை என்பது அவர் வைத்த விதி. இம்முறை மூலக் கேள்வியைத் தள்ளிப்போட இடமில்லாமல் போயிற்று.

2005 ஆகஸ்ட் 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டது. 840 ஆயுதங்களை ஒப்படைக்கச் சம்மதித்தது. அரசு வெளியிலிருந்து வந்த படைகளைத் திரும்பப் பெறவும், பொது மன்னிப்பு வழங்கவும், எரிவாயு, எண்ணெய் போன்ற வளங்களின் வருமானத்தில் 70 சதவீதத்தை ஆச்சேக்கே விடவும், உள்ளூர்க் கட்சிகளை அனுமதிக்கவும் ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய, ஆசியான் நாடுகளின் குழு கண்காணித்தது. 2006 டிசம்பர் தேர்தலில் இயக்கத்தைச் சேர்ந்த இர்வண்டி யூசுஃப் ஆளுநரானார். சுனாமியின்போது சிறையிலிருந்து தப்பியவர் அவர்!

சுனாமிதான் சமாதானம் தந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அதே அலை இலங்கையையும் தாக்கியது. அங்கோ 2006இல் போர் மீண்டும் மூண்டது. துயரம் மனதை இளக்கலாம். நாளைக்கான ஏற்பாட்டை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமா? ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குச் சென்றபோது ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக் குறைஷிகள் மறுத்தார்கள். 'அப்துல்லாஹ்வின் மகன்' என்று எழுத நபியவர்கள் சம்மதித்தார்கள். அந்த ஆண்டு உம்ரா செய்யாமலே திரும்பவும் இசைந்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்கே அது பெரும் வேதனையாக இருந்தது. அன்று தோல்வி போலத் தெரிந்தது. ஆனால் அந்த அமைதிக் காலத்தில் மக்கள் அச்சமின்றிப் பழகினார்கள். இஸ்லாத்தை ஏற்றவர்கள் பெருகினார்கள்.

விட்டுக்கொடுப்பது என்றால் நீதியைக் கைவிடுவதல்ல. ஆச்சேயிலும் குறை உண்டு. 2005இல் வாக்களித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2016இல்தான் அமைந்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு 11 ஆண்டு என்பது சின்னக் காத்திருப்பு அல்ல. கையெழுத்துக்குப் பிறகும் வாக்கைக் காப்பாற்றும் வேலை இருக்கிறது.

சொத்துத் தகராறிலும் ஜமாஅத் பிணக்கிலும் நாமும் இதே தவறைச் செய்கிறோம். பெருநாள் வருகிறதே என்று கைகுலுக்கி வைக்கிறோம். பாகப்பிரிவினையைப் பேசாமல் விடுகிறோம். அடுத்த பெருநாளுக்குள் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டில் கூடிப் பேச மூன்று கேள்விகள்:

1. நம் குடும்பத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்த விஷயம் எது?
2. அதில் நாம் விடக்கூடியது எது, விடக்கூடாத நியாயம் எது?
3. பேசி முடித்ததை எழுதி வைத்து, அதன்படி நடக்கிறதா என்று யார் பார்ப்பது?

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைப்பானாக. ஆமீன்.