அலைவழிச் சொல்

நுழையும்முன்

கைப்பேசி இயங்காத ஓர் இரவில் மருத்துவமனை யாரிடம் பேசும்? சிறைச்சாலையின் உயர்ந்த மதில்களுக்குள் தனித்து நிற்கும் காவலர் யாரை அழைப்பார்? கம்பியில்லாத் தொடர்பு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது. எனினும் அக்கருவியைப் பயனுடையதாக்குவது அதன்வழிப் பேசப்படும் மொழியே. அம்மொழியின் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறது இப்பாடம்.

கஜா கற்பித்தது

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையோடு அதன் சீற்றம் தணிந்துவிடவில்லை. உள்நிலமாகிய புதுக்கோட்டை மாவட்டத்திலும் புகுந்து, ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் ஒடிந்து வீழ்ந்தன. சாலைகளின் குறுக்கே மரங்கள் கிடந்தன. சிற்றூர்கள் பல நாள்கள் இருளில் கழிந்தன.

மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அவற்றின் அடியிலுள்ள மின்கலங்கள் சில மணிநேரம் தாங்கும். டீசல் இயந்திரம் இருந்தால் இன்னும் சற்று நேரம் தாங்கும். டீசல் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை இல்லையெனில் அதுவும் நின்றுவிடும். கையிலுள்ள கைப்பேசியில் மின்னேற்றம் நிறைய இருந்தாலும், அது பேசுவதற்குக் கோபுரம் வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்தியை அழைப்பதற்கும் அக்கோபுரமே வழி.

வாக்கிடாக்கி எனப்படும் கம்பியில்லாக் கருவிக்கு இத்தடை இல்லை. ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரே பேசும். இடையில் கோபுரம் வேண்டா, கணினி வேண்டா, எண்ணை அழுத்தி அழைக்கவும் வேண்டா. பொத்தானை அழுத்தினால் குரல் அலையாகிப் பரவும். அதே அலைவரிசையில் காத்திருப்போர் அனைவர்க்கும் அஃது ஒருங்கே எட்டும்.

மதிலும் தொலைவும்

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. நிலம் வளைந்திருப்பதால், அலைவாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொலைவே அவை எட்டும். 25 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியிலிருந்து புறப்படும் அலை, சமவெளியில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் செல்லும். கையில் ஏந்திய கருவியின் உயரம் இன்னும் ஓர் ஐந்து கிலோமீட்டரைக் கூட்டும். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே, இடையில் உயர்ந்த இடத்தில் நின்று, கேட்டதை மீண்டும் பரப்பும் இடைநிலையம் தேவைப்படுகிறது. ‘ரிப்பீட்டர்’ என்பது அதன் பெயர். இடைநிலையத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைத் திட்டமிடுவோர் சில வேளை மறந்துவிடுகின்றனர்.

புதுக்கோட்டை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான இராணியார் மருத்துவமனையும் உள்ளன. இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்தும் போர்ஸ்டல் பள்ளியும் இங்கு உண்டு. இவை யாவும் ஒரு வகையில் ஒத்தவை. இங்குள்ளோர் ஆபத்து வந்தபோது தாமாக எழுந்து வெளியேற இயலாதவர். தீவிரச் சிகிச்சைப் படுக்கையில் இருப்பவர், குறைமாதக் குழந்தை, பூட்டிய அறைக்குள் இருக்கும் இளைஞன் ஆகியோர்க்கு மற்றொருவர் வந்தாக வேண்டும். அம்மற்றொருவரை வரவழைப்பதே கம்பியில்லாக் கருவியின் பணி. முதியோர் இல்லங்களும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவையே. ஆயினும் இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சில் அவை கடைசியாகவே நினைக்கப்படுகின்றன.

சிறையில் கைப்பேசிக்குத் தடை உண்டு. அதன் அலைவரிசையைச் செயலிழக்கச் செய்யும் கருவிகளும் சிறைகளில் நிறுவப்படுகின்றன. காவலரின் கருவி வேறோர் அலைவரிசையில் இயங்குவதால் அதற்கு இடர் நேர்வதில்லை. மருத்துவமனையின் நிலை வேறு. செயற்கைச் சுவாசக் கருவிக்கும் மருந்தேற்றும் கருவிக்கும் மிக அருகில் நின்று பொத்தானை அழுத்தினால், ஆற்றல் மிக்க அலை அவற்றின் இயக்கத்தைக் குழப்பக்கூடும். எனவே, அத்தகைய அறையிலிருந்து விலகி வந்து பேசுதல் வேண்டும்.

பேசும் முறை

ஒருவர் பேசும்போது ஏனையோர் கேட்க மட்டுமே இயலும். இருவர் ஒருங்கே பேசினால் இரண்டும் கெடும். ஆதலால், பேசி முடித்தவர் ‘ஓவர்’ என்று சொல்லி வழிவிடுகிறார். யாரை அழைக்கிறோம் என்பதை முதலிலும், அழைப்பவர் யார் என்பதை அடுத்தும் கூறுவது மரபு. தன் பெயர் காதில் விழுந்தவுடன் கேட்பவர் விழித்துக்கொள்வார். பிறகு வரும் செய்தி வீணாகாது.

அலைவழி வரும் குரல் முழுக்குரல் அன்று. ஏறக்குறைய 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே கடந்து வருகின்றன. அதனால் ‘பி பிளாக்’ என்பது ‘டி பிளாக்’ எனக் கேட்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே பன்னாட்டு வானூர்திப் போக்குவரத்துத் துறை 1956இல் ‘பிராவோ’, ‘டெல்டா’ போன்ற எழுத்துப் பெயர்களை நிலைப்படுத்தியது. தமிழிலும் இவ்விடர் உண்டு. இருபது, அறுபது, எழுபது என்பனவற்றின் இறுதி ஒன்றே; இரைச்சலில் முன்னெழுத்து மங்கினால் மருந்தின் அளவே மாறிவிடும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அவ்வாறே. ‘எழுபது’ என்பதை ‘ஏழு, பூஜ்யம்’ எனப் பிரித்துக் கூறி, கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்பதே பாதுகாப்பு. நேரம் வீணாகிறதே என்று இதனை விட்டுவிடுவோர், நேரத்தைவிடப் பெரியதொன்றைப் பணயம் வைக்கின்றனர்.

சுருங்கச் சொல்லுதலுக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு. கையடக்கக் கருவியின் மின்கலத்தைக் கணக்கிடுவோர், நூறு நிமிடங்களில் ஐந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேட்டல், தொண்ணூறு நிமிடம் காத்திருப்பு எனக் கொள்கின்றனர். அலையைப் பரப்பும்போதே மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகிறது. வளவளவென்று பேசுபவர் விடியுமுன் தம் கருவியை ஊமையாக்கிவிடுவார்.

இங்குப் பேசுவது எல்லார்க்கும் கேட்கும். ஆகவே நோயாளியின் பெயரையோ நோயையோ திறந்த அலையில் கூறுதல் தகாது. படுக்கை எண்ணே போதும்.

அந்தமானிலிருந்து ஒரு குரல்

2004ஆம் ஆண்டு டிசம்பரில், பொழுதுபோக்கு வானொலியாளர் குழு ஒன்று போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்தது. அதனை வழிநடத்தியவர் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலரோடு பேசி மகிழ்வதே அவர்கள் சென்றதன் நோக்கம். 26ஆம் நாள் காலையில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற கருவியே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலமாயிற்று. தம்மவர் உயிரோடு இருக்கின்றனரா என ஏங்கிய குடும்பங்களுக்கு அவ்வழியே செய்தி சென்றது. அக்குழுவினரிடம் உரிமம் இருந்தது, பயிற்சி இருந்தது, அலைவரிசையில் காத்திருந்து கேட்கும் பழக்கமும் இருந்தது.

கற்பவை கற்றபின்...

1. புயல் இரவொன்றில், அரசு மருத்துவமனையின் பிரசவப் பகுதியிலிருந்து மின்னாக்கி அறைக்கு அனுப்பவேண்டிய செய்தியை இருபது சொற்களுக்குள் எழுதுக. அதனை நண்பர் ஒருவர் திருப்பிச் சொல்லுமாறு செய்து, மாறிய சொற்களைக் குறிக்க.

2. திருக்குறளின் ‘சொல்வன்மை’, ‘தூது’ ஆகிய அதிகாரங்களைப் பயின்று, கம்பியில்லாக் கருவியில் பேசுவோர்க்குப் பொருந்தும் கருத்துகளை வகுப்பில் விவாதிக்க.