புதுப் பம்பு துப்பாக்கியில் இழுவை சிக்கிக்கொண்டால்

பம்பு துப்பாக்கி என்பது ரவை சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி வகைகளுள் ஒன்று. சுடுகுழலின் கீழ் மற்றொரு குழாய் அமைந்திருக்கும்; அதில் தோட்டாக்கள் வரிசையாக அடுக்கப்படும். சுடுபவர் இடக்கையால் பிடிக்கும் முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வீசப்படும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா ஒன்று மேலேறிக் குழலுக்குள் புகும். பம்பு அடிப்பதுபோல் கை முன்னும் பின்னும் செல்வதால் இப்பெயர் வந்தது. இது அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்த கருவி. ஜான் பிரௌனிங் அமைத்த வின்செஸ்டர் துப்பாக்கி 1893-லும், அதைத் திருத்திய மாதிரி 1897-லும் வெளிவந்தன. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 என்னும் மாதிரி மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அந்நாட்டுக் குடியானவர் பலர் வீட்டில் ஏரும் மண்வெட்டியும் போல் இத்துப்பாக்கியும் ஒரு தளவாடம்.

புதிதாக வாங்கிய துப்பாக்கியை முதன்முறை வயலுக்கு எடுத்துச் சென்று ஒரு வெடி சுட்டபின், முன்கட்டை பின்னுக்கு வராமல் சிக்கிக்கொள்வது உண்டு. அப்பொழுது அநேகர் செய்யும் காரியம் ஒன்றே. துப்பாக்கியை நிமிர்த்தி, அடிக்கட்டையைத் தரையில் ஓங்கி இடித்து, அதே சமயம் முன்கட்டையைக் கீழே இழுப்பார்கள். உள்ளே இருப்பது சுட்ட கூடுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இதனால் மரம் பிளப்பதோடு போகும். சுடாத தோட்டா இருந்துவிட்டால், இடிப்பவரின் முகத்தருகே குழல்வாய் நிற்க, அதிர்ச்சியில் கேப்பு வெடிக்கவும் கூடும். ஆகையால் சிக்கிய துப்பாக்கியில் முதலில் கவனிக்கவேண்டியது பலமன்று. தடை எங்கே உள்ளது என்பதே. துப்பாக்கியிலா, தோட்டாவிலா, சுடுபவர் கையிலா என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

உண்மையில் பழுதே இல்லாத துப்பாக்கியைப் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவோர் உண்டு. முன்கட்டையை முன்னே தள்ளிக் குதிரை ஏறிய நிலையில் இழுவை பூட்டிக்கொள்ளும்படியே இக்கருவி அமைக்கப்பட்டுள்ளது. சுடுவதற்குள் தற்செயலாகத் திறந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. சுட்டவுடன் பூட்டு தானே விடும். சுடாமல் திறக்கவேண்டுமாயின் விசையைச் சூழ்ந்த வளையத்தின் அருகே உள்ள சிறு விடுபொத்தானை அழுத்தவேண்டும். அது சில மாதிரிகளில் வளையத்தின் முன்னும், சிலவற்றில் பின்னும் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது முன்கட்டையைப் பின்னுக்கு இறுக்கிப் பிடித்திருந்தால் சில துப்பாக்கிகளில் பூட்டு விடாது. சற்று முன்னே தள்ளி அழுத்தினால் விடும். 1897-ஆம் வருஷத்து வின்செஸ்டரில் விசை இழுத்த பிறகும் முன்கட்டை அணுவளவு முன்னே நகர்ந்தாலன்றிப் பூட்டு விலகாது. வெடியின் உதைப்பு அவ்வேலையைச் செய்துவிடும். வெறுமனே விசையை இழுத்துப் பார்ப்பவர்தாம் ஏமாறுவர்.

பொத்தானை அழுத்தியும் இழுவை கனமாக இருந்தால், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழலும் கீழ்க்குழாயும் வெறுமையாயிருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு அறிந்தபின் வெறுந்துப்பாக்கியை இயக்கிப் பார்க்கவேண்டும். வெறுமையிலும் சிக்குமானால் தோட்டாவின்மேல் குற்றமில்லை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய கொழுப்பெண்ணெய் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்து பிசினாகியிருக்கும். குளிர்ந்த நாளில் அது இன்னும் இறுகும். இக்காலத்து மாதிரிகள் பலவற்றில் கீழ்க்குழாயின் முனையிலுள்ள மூடியைத் திருகி எடுத்தால் சுடுகுழல் தனியே கழன்று வரும். துப்பாக்கியோடு வரும் அச்சிட்ட புத்தகத்தில் அம்முறை படத்துடன் இருக்கும். பழைய பூச்சை அடியோடு துடைத்து நீக்கி, உராயும் இடங்களில் மட்டும் துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவவேண்டும். எண்ணெய் மிகுந்தால் மணலும் உமியும் ஒட்டிக்கொண்டு முன்னிலும் மோசமாகும். சமையலெண்ணெய் ஒருநாளும் ஆகாது; அது காய்ந்து அரக்காகிவிடும். புது உலோகத்தில் வெட்டுக்கருவி விட்ட சிறு பிசிறுகளும் உண்டு. வெறுந்துப்பாக்கியை நூறு இருநூறு முறை முன்னும் பின்னும் இயக்கினால் அவை தேய்ந்து இழுவை வழுவழுப்பாகும்.

இங்கே வாங்கியவர் தாமே உண்டாக்கிக்கொள்ளும் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். உபரித் தோட்டாக்களைச் செருகிவைக்கும் பட்டையை யந்திரப் பெட்டியின் பக்கத்தில் திருகாணியால் பொருத்திக்கொள்வது அமெரிக்காவில் வழக்கம். ஆணியை அளவுக்கு மீறி முறுக்கினால் மெல்லிய பெட்டிச் சுவர் உள்நோக்கி நெருங்கி, உள்ளே ஓடும் துண்டுகளைக் கவ்வும். தூரநோக்கி மாட்டுவதற்குப் பெட்டியின் மேற்புறம் செலுத்தும் திருகாணி சற்று நீளமாயிருந்தாலும், குழலின் பின்வாயை அடைக்கும் இரும்பில் அது உரசும். ஆணியைத் தளர்த்திப் பார்த்தால் காரணம் உடனே வெளியாகிவிடும்.

வெறுந்துப்பாக்கி தடையின்றி ஓடுமானால் அடுத்தபடி கையைச் சோதிக்கவேண்டும். இதற்கு மருந்தும் கேப்பும் இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் கிடைக்கின்றன. புதியவர் முன்கட்டையை முழுதும் பின்னுக்கு இழுக்காமல் முக்கால் தூரத்திலேயே முன்னே தள்ளிவிடுவர். கூடு வெளியேறாமலே அடைப்பிரும்பு முன்னே வர, இரண்டும் மோதி நிற்கும். தயக்கமின்றி ஒரே மூச்சில் கடைசிவரை இழுத்து, கடைசிவரை தள்ளுவதே இதற்குப் பரிகாரம். மற்றொன்று தோட்டா அடுக்கும்போது நேர்வது. கீழ்க்குழாயின் வாயில் தடுப்பு நாக்கு ஒன்றுண்டு. தோட்டா அதைத் தாண்டி உள்ளே போனதும் 'கிளிக்' என்னும் ஓசை கேட்கும். அவ்வோசை கேட்குமுன் விரலை எடுத்தால் தோட்டா பின்னோக்கி வழுக்கி, தோட்டாவை மேலே தூக்கும் தட்டுக்கும் அடைப்பிரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கலை எளிதில் விடுவிக்கப் பிற்காலத்து 870 துப்பாக்கிகளில் தூக்குத் தட்டில் வளையக்கூடிய நாக்கு ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது.

கையும் சரி, வெறுந்துப்பாக்கியும் சரி, ஆயினும் சுட்டபின் மட்டும் இழுவை வராதென்றால், கூடு தோட்டா அறையில் ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். இதுவே புதுத் துப்பாக்கிகளில் உண்மையான பழுது. வெடிக்கும்போது கூடு விரிந்து அறைச்சுவரில் அழுந்தும். அழுத்தம் தணிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கவேண்டும். பித்தளை இதில் நன்கு சுருங்கும். விலை மலிந்த தோட்டாக்களில் அடித்தகடு பித்தளையன்று. பித்தளை நிறம் பூசிய இரும்பே. அது அவ்வளவு மீள்வதில்லை. அறைச்சுவரில் கடைசல் கோடுகள் தேய்க்கப்படாமல் சொரசொரப்பாயிருந்தால், விரிந்த இரும்பு அக்கோடுகளில் பற்றிக்கொள்ளும். சிக்கியது கூடாகவே இருந்தாலும் உரிமையாளர் தோட்டாவைப் பழிப்பார், தோட்டா விற்றவர் துப்பாக்கியைப் பழிப்பார். பெரும்பாலும் இரண்டிலும் பாதிப் பாதி குற்றம் இருக்கும்.

இதை நிச்சயிக்க வழி எளிது. வெளிவந்த கூடுகளை எறிந்துவிடாமல் பொறுக்கி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அடித்தகட்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல் இருந்தால் அறை சொரசொரப்பு. விளிம்பை இழுக்கும் கொக்கி விளிம்பிலே பள்ளம் பறித்திருந்தால், கொக்கி தன் வேலையைச் செய்தது, கூடுதான் வரவில்லை என்று பொருள். விளிம்பில் அடையாளமே இல்லையெனில் கொக்கி வழுக்கியிருக்கிறது; அழுக்கோ, வலுவிழந்த வில்லோ காரணம். பித்தளை அடியுள்ள தோட்டாவை அதே துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, அது இலகுவாக வெளிவந்தால் ஐயம் தீர்ந்தது. அப்பொழுது தொழில் தெரிந்தவர் குழலைத் தனியே கழற்றி, மிக மெல்லிய எஃகுப் பஞ்சைத் தூரிகையில் சுற்றி எண்ணெய் விட்டு, பின்வாய் வழியாக அறையை மாத்திரம் தேய்த்து மெருகிடுவார். மெருகிடலாமே தவிர உலோகத்தை அராவி அறையைப் பெரிதாக்கலாகாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் துப்பாக்கியானால் விற்றவரிடமே கொடுப்பது லாபம்.

தோட்டா பொருந்தாமையும் கவனிக்கத் தக்கது. குழலின் மேல் அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். 2¾ அங்குலம், 3 அங்குலம் என்றவாறு. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட நீளமோ, சுட்டு மடிப்பு திறந்தபின் உள்ள நீளம். ஆகையால் சுடாத 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறையில் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் வரம்பு மீறி உயரும். அதன்பின் இழுவை சிக்குவது சிறிய தண்டனையே. இருபது போர் தோட்டாவைப் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் தவறிப் போட்டால் அது அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பின்னால் சரியான தோட்டா ஒன்று ஏறிச் சுடப்பட்டால் குழல் வெடித்துவிடும். இருபது போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் விதித்திருப்பது இதற்காகவே.

விசையை இழுத்தும் வெடிக்காமற்போனால், குழல்வாயை ஆளில்லாத திக்கில் நிறுத்தி ஒரு நிமிஷமாவது அசையாமல் இருக்கவேண்டும். கேப்பு தாமதித்து வெடிப்பதுண்டு. வெடி வழக்கத்தைவிட மெல்லியதாய்க் கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றலாகாது. தக்கை குழலிலேயே தங்கியிருக்கலாம். துப்பாக்கியை வெறுமையாக்கி, குழலைக் கழற்றிப் பின்வாயிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்த பிறகே மேற்கொண்டு சுடலாம். சுடாத தோட்டா உள்ளே சிக்கி, விடுபொத்தானுக்கும் இணங்காதென்றால், குழல்வழியே கோலிட்டுக் குத்துவதும் தரையில் இடிப்பதும் கூடவே கூடா. அதை நகர்த்தாமல் ஆபத்தில்லாத திக்கில் வைத்துக் காவலிருந்து, தொழில் தெரிந்தவரை அவ்விடத்துக்கே வரவழைப்பது நலம். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமன்றி, பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கும் லைசென்ஸ் வேண்டும். பட்டறை ஆசாரியிடம் கொடுப்பது சட்டத்துக்கும் உடலுக்கும் கேடு.

தொழிலாளியிடம் போகும்போது துப்பாக்கியை மட்டும் கொண்டுபோய் 'சிக்குகிறது' என்று சொன்னால் அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். சிக்கிய கூடுகள் நான்கைந்து, அதே பெட்டித் தோட்டாவின் பெயரும் நீளமும், வெறுமையில் ஓடிற்றா இல்லையா என்பது, எத்தனையாவது வெடியில் சிக்கிற்று என்பது, புதிதாக மாட்டிய பொருள் ஏதேனும் உண்டா என்பது ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோனால் அன்றைக்கே வேலை முடிந்து திரும்பலாம்.