கனம் பிறக்கும் இடம்

பெரும்பாக்கத்தில் பேஸ் கிதார் பழகும் தம்பிக்கு,

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1980-களின் நடுவில் உருவாகி, 1991-இல் வெளிவந்த நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்', பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' ஆகிய இசைத்தொகுப்புகளால் உலகெங்கும் பரவிய கிரஞ்ச் என்னும் ராக் இசை, பங்க் இசையின் முரட்டுத்தனத்தையும் ஹெவி மெட்டலின் கனத்தையும் ஒருசேரக் கொண்டது. அப்பாடல்களின் பேஸ் பகுதியைக் கேட்டு அவ்வாறே மீட்டுவது, அதாவது கவர் வாசிப்பது, முறையாகச் செய்தால் முழுமையான இசைப்பயிற்சியே ஆகும். ஆனால் பழகத் தொடங்கியோர் பலரும் இவ்விசையின் கனத்தை ஒலியின் அளவிலும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலிலும் தேடி ஏமாறுகின்றனர். ஒரு சுரம் சரியான இடத்தில் தொடங்கிச் சரியான இடத்தில் அடங்கும்போதுதான் கனம் பிறக்கிறது என்பதைத் தம்பி முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

பேஸ் கிதாரின் நான்கு தந்திகள், சாதாரண கிதாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. அவற்றுள் மிகத் தடித்ததாகிய ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கிரஞ்ச் குழுக்கள் விரும்பிக் கையாண்ட டிராப் டி முறையில், அந்த ஒரு தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் தளர்த்தும்போது அதிர்வு ஏறத்தாழ 37-ஆகக் குறைகிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் இத்தகைய தாழ்ந்த ஒலியை வெளிப்படுத்த இயலாது என்பதால், அதில் கேட்டுப் பழகுபவருக்குப் பாடலின் அடித்தளம் காதில் விழுவதே இல்லை. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குவது விலையுயர்ந்த பெடல் வாங்குவதைவிடப் பயன் தரும். மேலும், தாழ்ந்த ஒலி கான்கிரீட் சுவர்களை எளிதில் கடந்துவிடும் இயல்புடையது. பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் குடியிருப்புகளில் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோரும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கையில், ஹெட்போனில் வாசிப்பதே அயலாருக்குச் செய்யும் மரியாதை.

பாடல்களைத் தேர்வதிலும் ஒரு வரிசை உண்டு. 'நெவர்மைண்ட்' தொகுப்பில் பேஸ் வாசிப்புடன் தொடங்கும் 'லவுஞ்ச் ஆக்ட்' தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது. நிர்வாணாவின் பேஸ் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிக் அதில் வாசித்திருப்பது, கிதாருக்குத் துணைபோகும் சுரங்கள் என்ற நிலையைத் தாண்டித் தனியே பாடக்கூடிய ஒரு மெட்டு. அடுத்து, ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் 'வுட்?' என்னும் 1992-ஆம் ஆண்டுப் பாடலின் தொடக்கத்தை மைக் ஸ்டார் எவ்வளவு நிதானமாக நடத்துகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்குழு கருவிகளை அரைச்சுரம் இறக்கி வாசிப்பது வழக்கமாதலால், தம்பியின் கிதார் பதிவுடன் இழையவில்லையெனில் குறை விரல்களில் இருப்பதாக எண்ணிச் சோர்ந்துவிடக் கூடாது. பேர்ல் ஜாம் குழுவின் 'ஜெரமி' பாடலில் ஜெஃப் அமென்ட் பன்னிரண்டு தந்தி பேஸ் வாசித்திருப்பதால், அதை நான்கு தந்தியில் அப்படியே கொண்டுவர முயல்வது வீண். அதன் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வதே தகும்.

இடக்கையின் வேலை தந்தியை அழுத்துவதோடு முடிவதில்லை. அழுத்திய விரலைத் தந்தியை விட்டு எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்தினால் சுரம் அந்த இடத்திலேயே அடங்கும். அந்த அடக்கத்திற்குப் பின் வரும் ஒரு கணநேர அமைதியே அடுத்த சுரத்திற்குப் பாரத்தைத் தருகிறது. டிஸ்டார்ஷன் தேவைப்படும் இடங்களில், அது அடியொலியை விழுங்கிவிடக்கூடும் என்பதால், கிதாரின் இயல்பான ஒலியையும் உடன்கலந்து வைத்தல் வேண்டும்.

பேஸின் மெட்டைப் பிரித்துக் கேட்கும் செவிப்பயிற்சி சென்னைக்குப் புதிதன்று. இளையராஜாவின் பாடல்களில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களுக்கு வாசித்துவரும் கீத் பீட்டர்ஸும், குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டு ஓட முடியும் என்பதைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியவர்கள். சியாட்டிலின் சவுண்ட்கார்டன் குழுவின் கிதார் கலைஞர் கிம் தாயில் கேரளத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணினால், இவ்விசை தம்பிக்கு அந்நியமானது என்று எவரேனும் சொல்வதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. எனவே ஒரு நாள் சியாட்டில் பாடலும் மறுநாள் இளையராஜா பாடலும் என்று மாற்றி மாற்றி, இணையத்தில் கிடைக்கும் டேப் தாள்களை, அதாவது எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தை அழுத்துவது என்று எண்களால் காட்டும் குறிப்புகளை, இறுதியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, செவியாலேயே பிடித்துப் பழகுவது நலம். கடலோரக் காற்றின் ஈரமும் விரல் வியர்வையும் தந்திகளை விரைவில் துருவேற்றும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைத்தல் வேண்டும்.

எத்தனை கவர் வாசித்தாலும், பதிவு செய்யப்பட்ட பாடலோடு சேர்ந்து வாசிப்பவரின் காலப்பிழையை அப்பதிவே மூடிமறைத்துவிடுகிறது. பேஸும் டிரம்ஸின் கிக் ஒலியும் ஒரே அடியாக விழுகின்றனவா என்பது எதிரே ஒரு மனிதர் அமர்ந்து வாசிக்கும்போதுதான் தெரியவரும். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கானாக் குழுக்களிலும் தாளம் நன்கறிந்த இளைஞர்கள் தென்சென்னையில் ஏராளமாக உள்ளனர். அவர்களுள் ஒருவரை இந்த மாதத்திற்குள் தேடிக் கண்டுபிடித்து, 'லவுஞ்ச் ஆக்ட்' பாடலைப் பதிவின் துணையின்றி முழுமையாக வாசித்துப் பார்க்குமாறு தம்பி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.