நனைத்துப் பார்த்து வெட்டுங்கள்

கேள்வி: ஆரணியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பட்டுத்தறி. வாடிக்கையாளர் ஒருவர், குறுக்கே மெல்லிய வரி ஓடும் பட்டு கிரேப் கொண்டுவந்து கவுன் தைக்கச் சொன்னார். வரி நெடுக்காக விழுந்தால் உயரமாகத் தெரியுமே என்று துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். முதல் சலவையிலேயே கவுன் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. அப்பா நெய்யும் சேலை இப்படிச் சுருங்கியதே இல்லையே?
— வாசகி ஒருவர், ஆரணி

பதில்: சூட்சுமம் குறுக்கு நூலான ஊடையில் இருக்கிறது. அப்பா வாங்கும் பட்டு, தறிக்கு வருமுன்பே சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வெந்து, எடையில் ஏறக்குறைய கால் பங்கான பசையை இழந்து, சாயமும் ஏறி வருகிறது. கிரேப்புக்கு இந்த வரிசை தலைகீழ். ஊடையை மீட்டருக்கு 2000 சுற்றுக்கு மேல் முறுக்கி, பசையோடேயே நெய்வார்கள். வலமுறுக்கு இரண்டு இழை, இடமுறுக்கு இரண்டு இழை என்று நாடா மாறி மாறி ஓடும். நெய்த பிறகு வேகவைத்தால் பசை கழன்று, அடங்கிக் கிடந்த முறுக்கு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். துணி அகலத்தில் சுண்டி, பொரிப்பொரியாக எழும்பும். மைசூர் கிரேப் சேலையின் குழைவும் இந்த முறுக்கு தந்ததுதான். நெடுக்கு நூலான பாவை மெல்லியதாகவும் ஊடையைத் தடிமனாகவும் வைத்தால், பொரியோடு குறுக்கு வரியும் விழும். அதற்கு 'மரொக்கேன்' என்று பெயர். உங்களிடம் வந்த துணியும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த முறுக்கு முழுதாக ஓய்வதில்லை. நனைந்தால் நூல் ஊதி மறுபடி இறுகும். நீங்கள் திருப்பிப் போட்டதில் ஊடை கவுனின் உயரமாகிவிட்டது, உயரம் குறைந்தது.

அடுத்த முறை ஓரத்தில் ஒரு ஊடை இழையை உருவி, இரு முனையையும் பிடித்து நெருக்கிப் பாருங்கள். பாம்புபோல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் அசல் கிரேப். ஒரு சாண் சதுரம் வெட்டி, வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படித் துவைத்து, காய்ந்ததும் அளந்துவிடுங்கள். சுருங்கினால் முழுத் துணியையும், லைனிங்கையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்திரி. இஸ்திரியை உள்பக்கம் வைத்து அழுத்தி எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் பொரி படுத்துவிடும்.

ஏறிய கவுனுக்கும் வழி இருக்கிறது. அப்பாவிடம் மிஞ்சிய ஜரிகைக் கரை ஒன்றைக் கேட்டு வாங்கி அடியில் வைத்துத் தையுங்கள். கவுனின் சுற்றளவில் இப்போது ஓடுவது பாவு. அதற்கு முறுக்கு குறைவு. கரை சுண்டாது.